கோசி வயல் மீனும் குளோர்பைரிபாஸும்

பீகார் மாநிலம் சஹர்சாவில் ரயிலை விட்டு இறங்கி, மேற்கே கோசி ஆற்றுக் கரையை நோக்கிப் போனால் வழியெல்லாம் நெல்வயல், இடையிடையே மக்கானாக் குளம். நம் கடைகளில் 'தாமரை விதை' என்று விற்கிறார்களே, அது விளைகிற குளம். வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே தேங்கிய தண்ணீரில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்கள் திரிகின்றன. உடம்பு நெடுக நீலக்கோடு. ஜீப்ரா மீன். சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பார்த்திருப்பீர்கள்.

இந்த மீனை 1822-ம் ஆண்டில் கங்கை மீன்கள் பற்றிய நூலில் முதன்முதலாகப் பதிவு செய்தவர் பிரான்சிஸ் ஹாமில்டன். புக்கானன் என்ற பெயரில் 1800-ம் ஆண்டு வாக்கில் நம் கோயம்புத்தூர்ப் பக்கமெல்லாம் சுற்றி, பயிர் பச்சைகளைக் குறித்துவைத்தவரும் இவரேதான்.

எனக்கு கோசியைப் பார்க்கும் ஆசை வந்ததே ஐதராபாத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தைப் பார்த்த பிறகுதான். அங்கே அடுக்கடுக்காகக் கண்ணாடித் தொட்டிகள். தண்ணீர் எப்போதும் 28 டிகிரி. 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு. காலையில் விளக்கு எரிந்ததும் மீன்கள் முட்டையிடுகின்றன. முட்டை கண்ணாடி மாதிரி. மறுநாளே உள்ளே இதயம் துடிப்பது தெரிகிறது. மூன்று நாளுக்குள் குஞ்சு வெளியே வந்துவிடும். மனிதனின் மரபணுக்களில் சுமார் 70 சதவிகிதத்துக்கு இந்த மீனிடம் இணை இருக்கிறது. அதனால்தான் வயல் மீனுக்கு இத்தனை உபசாரம்.

சுற்றிக்காட்டிய ஆய்வு மாணவி தேனிப் பக்கத்துக்காரர். "அண்ணா, மருந்து நரம்பை எப்படிப் பிடிக்குதுன்னு வாய்க்கால் வச்சே சொல்லிடலாம்" என்றார். நரம்பிலிருந்து தசைக்குச் சேதி கொண்டுபோவது அசிட்டைல்கோலின். மடை திறந்து தண்ணீர் பாய்ந்ததும் அடைக்க ஓர் ஆள் வேண்டும் இல்லையா? அந்த ஆள்தான் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்றவை அந்த ஆளைக் கட்டிப்போட்டுவிடுகின்றன. பாய்ச்சல் நிற்காது. எச்சில் ஒழுகுவது, வியர்த்துக் கொட்டுவது, கண்பாப்பா சுருங்குவது, தசை துடிப்பது, மூச்சுத் திணறுவது எல்லாம் அதன் விளைவு.

மூளையில் அந்த ரசாயனங்களை அளப்பது லேசான வேலை இல்லை. வளர்ந்த மீனின் மூளையே எள்ளைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மீன் செத்த பிறகும் நொதி வேலை செய்துகொண்டே இருப்பதால், தாமதித்தால் அசிட்டைல்கோலின் கரைந்துபோகும். எடுத்த கையோடு உறைய வைக்கிறார்கள். பிறகு குளிர்ந்த அமிலத்தில் அரைத்து, கசடு நீக்கி, தெளிந்த நீரை ஒரு மெல்லிய குழாய் வழியே தள்ளுகிறார்கள். நெல் தூற்றும்போது மணி ஓரிடம், பதர் ஓரிடம் விழுமே, அதுபோல டோபமின், செரட்டோனின் ஒவ்வொன்றும் தன் நேரத்துக்குத் தனியாக வெளியே வருகிறது. கணினித் திரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேடு. மேடு பெரிதென்றால் சரக்கு அதிகம்.

இந்த அளவையால் என்ன தெரிந்தது? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் முட்டைப் பருவம் தொடங்கி 5 நாள் மட்டும் குளோர்பைரிபாஸ் கலந்த நீரில் வைத்து, பிறகு நல்ல தண்ணீருக்கு மாற்றினார்கள். மீன்கள் வளர்ந்தன. ஆனால், பெரிதான பிறகும் கற்றுக்கொள்வதில் பின்தங்கின. தொட்டியைத் தட்டினால் மற்ற மீன்களைவிட அதிகமாக மிரண்டன. மூளையில் டோபமின் குறைந்திருந்தது. கலந்த அளவு? அதிகபட்சம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். நாம் 20 சதவிகித குளோர்பைரிபாஸை லிட்டருக்கு 2 மில்லி கலந்தால், அதில் சுமார் 400 மில்லிகிராம் விஷம் இருக்கிறது. ஸ்பிரேயர் தண்ணீரில் நாம் வாழவில்லைதான். மீன் கணக்கை அப்படியே மனிதனுக்குப் போடவும் முடியாது. ஆனாலும், நியூயார்க்கில் கருவிலேயே இந்த மருந்து அதிகம் பட்ட குழந்தைகளுக்கு 7 வயதில் நினைவாற்றல் மதிப்பெண் குறைந்திருந்ததை 2011-ம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-ம் ஆண்டில் இதற்கான அனுமதியையே நிறுத்திவிட்டது.

மருந்து அடித்த சட்டையை வீட்டில் கர்ப்பிணிப் பெண் துவைப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். எனக்கு அதுதான் உறுத்தியது. அடித்தவரே தனி வாளியில் அலச வேண்டிய துணி அது.

"எங்க மூளையை எப்படிம்மா அளக்கிறது?" என்று கிளம்பும்போது கேட்டேன். சிரித்தார். "மூளைக்கு வேணாம்ணா, ரத்தத்துலயே அந்த நொதியைப் பார்க்கலாம். கோலினெஸ்டரேஸ் டெஸ்ட்னு கேளுங்க. ஆனா ஆளுக்கு ஆள் அளவு மாறும். மருந்து அடிக்கிற சீசனுக்கு முன்னாடியே ஒரு தடவை எடுத்து வச்சிருந்தாத்தான், அப்புறம் எடுக்கிறப்ப எவ்வளவு இறங்கியிருக்குன்னு டாக்டரால சொல்ல முடியும்."