பன்றி, குருத்து, குறுக்குவில்

காட்டுப்பன்றி செம்பனைக் கன்றை முழுதாகத் தின்பதில்லை. மண்ணைக் கிளறி, கன்றைச் சாய்த்து, நடுவில் இருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் கடித்துவிட்டு அடுத்த கன்றுக்குப் போய்விடும். காலையில் போய்ப் பார்த்தால் ஓலை பச்சையாகத்தான் இருக்கும். இழுத்தால் கையோடு வரும்.

சித்தப்பாவின் மூன்று ஏக்கரில் போன வருடம் மறுநடவு. புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து மோட்டாரில் கால் மணி நேரம். தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் பழம் வெட்டி, ஓய்வுபெற்றபோது வந்த ஈ.பி.எஃப். பணத்தில் வாங்கிய நிலம். 165 கன்று வைத்தார். ஆறு மாதத்தில் 24 போய்விட்டது.

"மறுபடி வச்சிக்கலாம்லா சித்தப்பா" என்றேன்.

"வைக்கலாம். ஆனா பக்கத்து மரம் எல்லாம் முன்னாடி போயிருமே. இது நிழலுக்குள்ள நின்னு மூஞ்சியைத் தூக்கவே தூக்காது."

அவர் சொன்னது சரி. செம்பனை வெளிச்சத்துக்குச் சண்டை போடும் மரம். முப்பது மாதத்தில் முதல் குலை தள்ளும். அதற்குள் ஒரு வருடம் பின்தங்கிய கன்று, சுற்றியுள்ள ஆறு மரங்களின் ஓலைக்கடியில் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அது நிலத்தை அடைத்துக்கொண்டு நிற்பதோடு சரி.

நான் கணக்குப் படித்தவன். காகிதம் எடுத்தேன். ஹெக்டருக்கு 140 மரம், வருடத்துக்கு 17 டன் பழம் என்று வைத்துக்கொண்டால் மரத்துக்குச் சுமார் 120 கிலோ. டன் 700 வெள்ளி என்று போட்டால் ஒரு மரம் வருடத்துக்கு 85 வெள்ளி. 24 மரத்துக்கு 2,040. இருபது வருட வெட்டு என்றால் நாற்பதாயிரத்தைத் தாண்டுகிறது. உரம், கூலி, லோரி வாடகை எல்லாம் கழித்தால் குறையும்தான். ஆனாலும் ஒரு பன்றிக் கூட்டம் சில இரவுகளில் தின்ற குருத்தின் விலை அது. பெரிய தோட்டக் கம்பெனிக்கு இது கணக்கேட்டில் ஒரு வரி. மூன்று ஏக்கர்காரருக்கு அப்படியில்லை.

இந்தக் கணக்கோடு உட்கார்ந்திருந்த நாட்களில்தான் அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு சண்டையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அங்கே மான் வேட்டைக்குப் பருவங்கள் உண்டு. துப்பாக்கிக்குத் தனிப் பருவம், வில்லுக்குத் தனிப் பருவம். விஸ்கான்சினில் வழக்கமான துப்பாக்கிப் பருவம் ஒன்பதே நாள். வில் பருவமோ செப்டம்பரில் தொடங்கி ஜனவரி வரை நீளும். வில்லால் அடிப்பது கடினம், அதனால் நாளைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சண்டை என்னவென்றால், இந்த நீண்ட பருவத்துக்குள் குறுக்குவில்லை, அதாவது கிராஸ்போவை, விடலாமா கூடாதா?

குறுக்குவில் என்பது துப்பாக்கிக் கட்டையில் படுக்கவைத்த வில். நாணை இழுத்து ஒரு கொக்கியில் மாட்டிவிட்டால் அது தானாக நிற்கும். குறி பார்த்து விசையைத் தட்டினால் போதும். சாதா வில்லில் நாணை இழுத்துப் பிடித்தபடி மான் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குத் தோள் வேண்டும், வருடக்கணக்கில் பழக்கம் வேண்டும். 1139இல் இரண்டாம் லாத்தரன் சங்கத்தில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபை, கிறிஸ்தவர்கள் மீது இதைப் பயன்படுத்தக்கூடாது என்று தடை போட்டது. வில்லாளிகளையும் சேர்த்துத்தான் தடுத்தார்கள். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

குறுக்குவில்லை விடச் சொல்பவர்களின் வாதம் பெரும்பாலும் பணவாதம். அமெரிக்காவில் 1937இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் என்று ஒன்று வந்தது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு வரி. 1970களில் வில்லையும் அம்பையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பணம் மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. பாதி மாநிலத்தின் பரப்பளவைப் பார்த்து, பாதி அங்கே எத்தனை பேர் வேட்டை உரிமம் வாங்கியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்து. மாநிலம் ஒரு பங்கு போட்டால் மத்திய அரசு மூன்று பங்கு போடும். ஆக, ஒரு கிழவர் தோள்வலியால் உரிமம் வாங்குவதை நிறுத்தினால் உரிமக் கட்டணமும் போச்சு, அவர் தலைக்கு வரவேண்டிய மத்தியப் பணமும் போச்சு. 1991இல் ஒரு கோடியே நாற்பது லட்சமாக இருந்த அமெரிக்க வேட்டைக்காரர்கள் 2016இல் ஒரு கோடியே பதினைந்து லட்சம். இருப்பவர்களுக்கும் வயதாகிறது. குறுக்குவில் அந்தக் கிழவரை இன்னும் பத்து வருடம் காட்டில் வைத்திருக்கும், பெண்களையும் பிள்ளைகளையும் புதிதாகக் கொண்டுவரும், கடைக்காரருக்கு வியாபாரம் நடக்கும், பயிரைத் தின்று சாலையில் காரில் மோதும் மான்களும் குறையும் என்கிறார்கள்.

ஒஹாயோ இதை 1970களிலேயே ஏற்றுக்கொண்டது. பென்சில்வேனியாவும் மிச்சிகனும் 2009இல் கதவை அகலத் திறந்தன. விஸ்கான்சின் 2014இல் குறுக்குவில்லுக்கென்றே ஒரு உரிமம் போட்டது. சில வருடங்களிலேயே அதில் விழுந்த மான்களின் எண்ணிக்கை சாதா வில்லைத் தாண்டிவிட்டது. ஒரிகன் மட்டும் வேட்டைக்கு அதைத் தொடவே விடமாட்டேன் என்று நிற்கிறது.

எதிர்ப்பவர்கள் யார் என்று பார்த்தால் விலங்குநேயர்கள் இல்லை, பழைய வில்வேட்டைக்காரர்கள். 'இது வில்லே இல்லை, ஏமாற்று' என்பது வெளியே சொல்வது. உள்ளே இருக்கும் பயம் வேறு. எல்லோரும் வந்து சுலபமாக அடிக்கத் தொடங்கினால் மான் குறையும், அரசாங்கம் பருவத்தைச் சுருக்கும், தாங்கள் தோள் வலிக்கச் சம்பாதித்த மூன்றரை மாதம் போய்விடும். எனக்கென்னவோ இதுவும் பணவாதம்தான் என்று படுகிறது. அருமையாக இருப்பதால் மதிப்புள்ள ஒன்றை அள்ளிக் கொடுத்தால் அதன் மதிப்பு போய்விடும் என்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே கடைத்தெருவில் நின்றுதான் சண்டை போடுகின்றன.

அந்தக் கிழவரின் தோள் என்னை விடவில்லை. சித்தப்பாவுக்கும் வலது தோள் காதுக்கு மேல் போகாது. நாற்பதடி மரத்தில் நீளக் கம்பு நுனியில் அரிவாளைக் கட்டி, நாளுக்கு நூறு குலைக்கு மேல் இழுத்து வெட்டிய தோள். சட்டை மாட்டுவதற்கே சித்தி உதவ வேண்டும். அமெரிக்காவில் பிறந்திருந்தால் குறுக்குவில்லுக்கு ஆதரவாகச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருப்பார்கள்.

நம் ஊரில் வில் பருவம் என்ற பேச்சே கிடையாது. தீபகற்பத்தில் காட்டுப்பன்றி 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. சுட வேண்டுமென்றால் பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும், துப்பாக்கிக்குப் போலீஸ் உரிமம் வேண்டும். 1960 ஆயுதச் சட்டமும் 1971 தண்டனைச் சட்டமும் அவசரகாலத்தின் பிள்ளைகள். 1948இலிருந்து பன்னிரண்டு வருடம் காட்டோரத் தோட்டங்களில் துப்பாக்கி என்ன செய்தது என்று தாத்தா தலைமுறை பார்த்திருக்கிறது. அதனால் இந்த இறுக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். நம் தெருக்களில் துப்பாக்கிச் சத்தம் அபூர்வமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் விளைவு ஒன்று உண்டு. சுடக்கூடியவர்கள் கைவிட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களுக்கும் வயதாகிறது. எங்கள் பக்கம் வருபவர் ஒரு சீனப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர். சித்தப்பா அவரை 'தவுக்கே' என்றுதான் கூப்பிடுவார். அவர் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், துப்பாக்கியைத் தொட அவனுக்கு விருப்பமில்லை. பெரியவர் சும்மா வருவதில்லை, கறிக்காக வருகிறார். கறி வாங்க ஆள் இருந்தால் பெட்ரோலும் தோட்டாவும் கட்டுப்படியாகும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021 பிப்ரவரியில் சபாவில் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு தீபகற்பத்துக்கும் இறங்கியபோது காட்டுப்பன்றிகளும் செத்தன. வாங்குகிறவர்கள் பயந்தார்கள், அவரும் வருவதை நிறுத்தினார். நோய் ஓய்ந்து பன்றிகள் திரும்பி வந்தன. அவர் வருவது மட்டும் பழையபடி ஆகவில்லை. குருத்து போவது எங்களுக்கு, கறி கிடைப்பது அவருக்கு. அவருக்குக் கட்டுப்படியாகாத இரவில் எங்கள் கன்றைக் காக்க யாருமில்லை. பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு ஒரு பெரிய பெயர் வைத்திருப்பார்கள்.

பன்றி இவ்வளவு பெருகியதும் நாம் செய்த வேலைதான். நெகிரி செம்பிலானில் பாசோ வனக்காப்பில் 1996இல் ஒரு ஆய்வாளர் எண்ணியபோது சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றி, 1998இல் 27. காட்டுக்கு இது மிக அதிகம். சுற்றிலும் செம்பனை, வருடம் முழுக்க உதிரிப்பழம், துரத்தப் புலி இல்லை. தின்றுவிட்டு ராத்திரி காட்டுக்குப் போய்ப் பிள்ளை பெறக் கூடு கட்டுவதற்காக மரக்கன்றுகளை நூற்றுக்கணக்கில் ஒடிக்கின்றன. ஆக, தோட்டம் காட்டைத் தின்பது காட்டை வெட்டியதோடு முடியவில்லை. இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே எங்கள் பக்கத்தில்தான், பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில். 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே தென்னமரம் எஸ்டேட்டில் நட்டார். பெயரைப் பாருங்கள், தமிழன் தென்னை மரம் என்று சொன்னதை அப்படியே வைத்துக்கொண்டு வேறொரு மரத்தை நட்டிருக்கிறார்கள். பின்னாளில் அந்த மனிதர் நாவல் எழுதி 1930இல் கொன்கூர் பரிசும் வாங்கினார்.

சரி, அமெரிக்க வாதத்தை இங்கே கொண்டுவரலாமா? சித்தப்பாவுக்கும் அவரைப் போன்ற சிறு தோட்டக்காரர்களுக்கும் பயிற்சி கொடுத்து, உரிமம் போட்டு, கட்டணம் வாங்கி ஆளுக்கொரு குறுக்குவில் கொடுத்தால் என்ன? சில நாட்கள் இந்த யோசனை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. துப்பாக்கியைவிட விலை குறைவு, தோட்டா வேண்டாம், தோள் வேண்டாம், முப்பது நாற்பது மீட்டரைத் தாண்டினால் குறி நிச்சயமில்லை என்பதால் கொள்ளைக்காரனுக்கும் பெரிதாக உதவாது.

சத்தத்தை யோசித்தபோதுதான் எனக்கு இடித்தது. துப்பாக்கி காட்டிக்கொடுக்கும். ராஜா மூசா காட்டில் ராத்திரி ஒரு வெடி வெடித்தால் மூன்று கம்பத்துக்குக் கேட்கும், ரேஞ்சருக்கும் கேட்கும். குறுக்குவில் சத்தம் பக்கத்து வரிசை மரத்தைத் தாண்டாது. பன்றிக்கென்று வாங்கியது மானுக்குப் போகும், நாளைக்கு 150க்கும் குறைவாக மிஞ்சியிருக்கும் புலிக்கே போகலாம். 2022 திருத்தம் உச்சபட்ச அபராதத்தைப் பத்து லட்சம் வெள்ளியாகவும் சிறையைப் பதினைந்து வருடமாகவும் உயர்த்தியிருக்கிறது. ஆனால் காதில் விழாத குற்றத்துக்குத் தண்டனையை எவ்வளவு உயர்த்தி என்ன? அதைக் கண்டுபிடிக்கக் கூடுதல் ரேஞ்சர்கள் வேண்டும், அந்தச் சம்பளத்தை எந்த உரிமக் கட்டணமும் ஈடுகட்டாது. அமெரிக்காவில் கணக்கு நேராவதற்குக் காரணம் வரி நேராகக் காட்டுக்குப் போவது, வேட்டை அங்கே கோடிக்கணக்கானவர்களின் பொழுதுபோக்கு. இங்கே பன்றி வேட்டை யாருக்கும் பொழுதுபோக்கில்லை. விற்பனையுமில்லை, வரியுமில்லை.

அதற்காகச் 'சும்மா இரு' என்று சொல்லிவிட்டுப் போவதும் எனக்கு ஒப்பவில்லை. சித்தப்பாவின் கொட்டகையில் ஒரு சுருள் கம்பி தொங்குகிறது. வேலி கட்டவா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் வீட்டிலிருந்து கரண்ட் இழுத்து, முழங்கால் உயரத்தில் கம்பி ஓட்டுகிறார் என்று சித்திதான் பிறகு சொன்னார். அந்த நிலத்தில் விடியுமுன் உதிரிப்பழம் பொறுக்க வரும் வங்காளதேசப் பையன்கள் இருக்கிறார்கள். பன்றிக்கும் அவர்களுக்கும் முழங்கால் கிட்டத்தட்ட ஒரே உயரம்.

சட்டப்படி எதுவும் கைக்கெட்டாத மனிதன் கையில் கிடைப்பதை எடுப்பான். கணக்குப் போடுகிறவர்கள் அந்தக் கம்பியையும் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும்.

கேரளத்தில் 2022இல் ஊராட்சித் தலைவர்களுக்கே பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். அங்கேயும் உத்தரவு போடுவது சுலபம், சுட ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்: பன்றிக் கறியின் விலையை நம்பி வேட்டைக்காரர் வருவதை விட்டுவிட்டு, சிறு தோட்டக்காரர்கள் மறுநடவின் முதல் இரண்டு வருடத்துக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று போட்டு, உரிமம் உள்ள ஒரு குழுவுக்குக் கூலி கொடுக்கலாம். மூன்று ஏக்கருக்கு மாதம் ஐம்பது வெள்ளி என்றாலும் இரண்டு வருடத்தில் 1,200. நாற்பதாயிரத்தோடு வைத்துப் பாருங்கள். இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன்.

"யாரு வசூல் பண்றது?" என்றார்.

"நீங்க கொஞ்ச பேர் சேர்ந்து..."

"அந்தப் பக்கத்து நெலத்துக்காரன் குடுப்பானா? அவன்கிட்டதான் கம்பி இருக்கே." கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வில்லு என்ன வெலை சொன்ன?"

அமெரிக்காவில் சுமாரானது ஐந்நூறு டாலர் வரும், நம் காசுக்கு இரண்டாயிரம் வெள்ளி என்றேன்.

"இருபத்து நாலு மரத்தோட ஒரு வருஷம்" என்றார். நான் காகிதத்தில் போட்டதை மனதிலேயே வைத்திருந்திருக்கிறார்.

போன சனிக்கிழமை போனபோது புதிதாக வைத்த கன்றுகளைச் சுற்றிக் கம்பி வலையை வளையமாக வெட்டி, மூங்கில் குச்சியால் குத்தி நிறுத்தியிருந்தார். ஒரு கையால் செய்த வேலை. பதினாலு முடிந்திருந்தது. மீதிப் பத்துக்கு நான் குச்சி சீவிக் கொடுத்தேன். கொட்டகையில் அந்தச் சுருள் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.