மூன்று குவியல்

ஒரு தொதல் துண்டை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கிட்டுப் பாருங்கள், சண்டை தீராது. என் உம்மம்மா ஒருவனை வெட்டச் சொல்வார். மற்றவனை முதலில் எடுக்கச் சொல்வார். வெட்டுபவனின் கை தானாகவே நேராகிவிடும்.

இதே உபாயம் எங்கள் மன்னார்க் கடலில் சட்டமாகவே இருந்தது. ஓலைத்தொடுவாய்க்குத் தெற்கே, பெருநிலக் கரையிலுள்ள மரிச்சுக்கட்டியில் 1905-ஆம் ஆண்டு பெரும் முத்துக்குளிப்பு நடந்தது. கீழக்கரை முஸ்லிம்களும் அரபிகளும் பிறரும் மூச்சடக்கி எடுத்த சிப்பிகள் 8 கோடிக்கும் மேல். கரையேறியதும் குளியாட்கள் அவற்றை மூன்று சம குவியலாக்குவார்கள். அரசுக்குரிய இரண்டை அதிகாரி தேர்ந்துகொள்வார். எஞ்சியதே குளியாட்களின் கூலி. அதிலும் கயிறு பிடிப்பவருக்கும் படகுக்காரருக்கும் பங்குண்டு. குவியலைக் குறைத்து வைத்தால் அது தம் தலையிலேயே விழலாம் அல்லவா? (கடலிலேயே சிப்பியைத் திறந்து முத்தை ஒளித்தவர்களும் இருந்தார்கள், அது வேறு கதை.)

பிரித்த முறை நேர்மைதான். ஆனால் உயிரைப் பணயம் வைத்தவருக்கு ஒன்று, கரையில் இருந்தவருக்கு இரண்டு என்பது எனக்கு உறுத்துகிறது. அவ்வாண்டு அரசுக்குக் கிடைத்தது சுமார் 25 லட்சம் ரூபாய். மறு ஆண்டே முத்துப் பார்களை ஒரு லண்டன் கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். 1907-க்குப் பின் எடுக்கச் சிப்பியில்லாமல் கம்பெனி நொடித்துப்போனது.