பாட்டியின் வீடியோ காலுக்கு ஒரு நல்ல செய்தி

சியாட்டில், அமெரிக்கா.

தாய் மடியில் ஒன்பது மாதக் குழந்தை. ஒலிபெருக்கியில் ஒரே அசை திரும்பத் திரும்ப வருகிறது. சட்டென்று அது வேறோர் அசையாக மாறுகிறது. அந்த நொடியில் குழந்தை தலையைத் திருப்பினால், பக்கத்துப் பெட்டியில் விளக்கெரிந்து பொம்மைக் கரடி மேளம் தட்டும். தாய் தன்னையறியாமல் சைகை காட்டிவிடக் கூடாது என்பதற்காக அவர் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா கூல் குழுவினர் குழந்தைகளின் காதைச் சோதிப்பது இப்படித்தான்.

குழந்தை மொழியைக் கற்பது பழக்கத்தாலும் பாராட்டாலும் என்று 1957இல் உளவியலாளர் ஸ்கின்னர் எழுதினார். மொழிக்கான திறன் பிறவியிலேயே உண்டு என்று 1959இல் மொழியியலாளர் சாம்ஸ்கி அதை மறுத்தார். அந்த வழக்கு இன்னும் ஓயவில்லை. ஆனால் இத்தகைய சோதனைகளில் கைக்குழந்தைகளே சில சாட்சியங்களைச் சொல்லிவிட்டார்கள்.

1984இல் கனடாவின் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வு தமிழர் காதுக்கு நெருக்கமானது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் குழந்தைகளுக்கு இந்தியின் 'ட', 'த' ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேறுபாட்டைக் கண்டுகொண்டனர். பத்து, பன்னிரண்டு மாதங்களில் அந்தத் திறன் பெரிதும் மங்கிவிட்டது. 'பட்டு', 'பத்து' என்று பிரித்துக் கேட்கும் காது தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் இருக்கிறது. வீட்டில் புழங்காத ஒலிக்கு அது மெல்ல மூடிக்கொள்கிறது.

மூடும் கதவைத் திறந்து வைக்க முடியுமா? 2003இல் கூல் குழு விடை தந்தது. அமெரிக்கக் குழந்தைகளுடன் மாண்டரின் பேசுவோர் நான்கு வாரங்களில் 12 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 25 நிமிடம், புத்தகம் படித்து விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறிந்தனர். அதே பேச்சைத் திரையில் மட்டும் பார்த்தவர்களுக்கும், ஒலிப்பதிவாக மட்டும் கேட்டவர்களுக்கும் எந்தப் பயனும் இல்லை.

அப்படியானால் கடல் கடந்த தாத்தா பாட்டிகள்? 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இரண்டு வயதை எட்டிய குழந்தைகள் ஸ்கைப் வீடியோ காலில் நேரடியாகப் பேசியவரிடம் புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள். பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. எதிரில் இருப்பவர் தனக்குப் பதில் சொல்கிறாரா என்பதே குழந்தைக்கு முக்கியம்.

ஆகவே, பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டு வீடியோக்களை அனுப்பும் பெரியவர்களே, அதோடு நிறுத்திவிடாதீர்கள். கூப்பிட்டுப் பேசுங்கள். தமிழில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருங்கள்.