கயிறும் சூரிய முத்திரையும்: பிள்ளைகளோடு பார்த்த சில அனிமேக்கள்

எங்கள் மாலை நேரப் படிப்பகத்துக்கு வரும் ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவன், ஒருநாள் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு வந்தான். தென்மாவட்டப் பள்ளிகளில் இந்தக் கயிற்றுக்கு என்ன பொருள் என்று தோழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2023இல் நாங்குநேரியில் நடந்ததற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும், 2024இல் கொடுத்த அறிக்கையில், இந்தக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. ஆனால் அதுவரை மற்றவர்கள் கையில்தான் நாங்கள் அதைப் பார்த்திருந்தோம். நம் பிள்ளை கையில் பார்த்தது அன்றுதான்.

"அவங்க கட்டுறாங்க, நாங்களும் கட்டுறோம்" என்றான். சாதி அடையாளத்தைச் சாதி அடையாளத்தால் வெல்ல முடியாது என்று நாங்கள் வழக்கமான பாடத்தைத் தொடங்கினோம். அவன் குறுக்கிட்டான். "ஒன் பீஸ்ல ஃபிஷர் டைகர் அடிமை முத்திரை மேல சூரியனைக் குத்துறாருல்ல? அது மட்டும் சரியா அக்கா?"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் மூன்று பேருமே அனிமே பார்த்து வளர்ந்தவர்கள் இல்லை. அவனுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் பார்க்கத் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய மடிக்கணினியைச் சுற்றிப் பிள்ளைகளோடு உட்கார்ந்தோம். "அம்பேத்கரைப் படிக்க வைக்கிறதை விட்டுட்டு பொம்மைப் படம் போடுறீங்களா" என்று மூத்த தோழர் ஒருவர் கடிந்துகொண்டார். இந்தக் கட்டுரை அவருக்கும் சேர்த்துத்தான். பார்த்தவற்றை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எழுதுகிறோம். சில இடங்களில் கதையின் முக்கியமான திருப்பங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அட்டாக் ஆன் டைட்டனும் ஒன் பீஸும்

ஹாஜிமே இசயாமா 2009 முதல் 2021 வரை வரைந்த அட்டாக் ஆன் டைட்டனில் மார்லி என்றொரு நாடு வருகிறது. அங்கே எல்டியர்கள் தனிக் குடியிருப்பில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். கையில் பட்டை கட்டாமல் வெளியே போக முடியாது. ஆட்சியாளர்களின் போரில் முன்வரிசையில் நின்று உழைத்தால் "கௌரவ மார்லியர்" என்ற தகுதி கிடைக்கும், பட்டையின் நிறம் மாறும். ஆனால் பட்டை போகாது. காபி என்ற சிறுமி தன் இனத்தையே பிசாசுகள் என்று நம்பி வளர்ந்தவள். அவள் வரும் காட்சிகளில் எங்கள் பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள். நம்மைப் பற்றி மற்றவர்கள் சொன்னதை நாமே நம்புவது எப்படி என்று வகுப்பெடுக்க எங்களுக்கு ஒரு மாதம் ஆகியிருக்கும்.

ஆனாலும் இந்தக் கதையில் எங்களுக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. எல்டியர்கள் உண்மையிலேயே ராட்சதர்களாக மாறக்கூடியவர்கள். அவர்களை அடைத்து வைத்தவர்களின் பயத்துக்குக் கதைக்குள் ஒரு காரணம் இருக்கிறது. மனிதக் கறி இல்லாமல் வாழ முடியாத கூல்களின் கதையான டோக்கியோ கூலிலும் இதே கோளாறுதான். நம்மை ஒதுக்கியவர்களுக்கு அப்படி எந்தக் காரணமும் இருந்ததில்லை. பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் இந்தத் தொடரைப் பரிந்துரைக்கக் கூடாது.

அதனால் எங்கள் முதல் பரிந்துரை எய்ச்சிரோ ஓடாவின் ஒன் பீஸ்தான். 1997இல் மங்காவாகத் தொடங்கியது, அனிமே ஆயிரம் எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. முழுவதும் பார்க்க நேரமில்லாதவர்கள் மீன்மனிதர் தீவுப் பகுதியை, அதாவது 523 முதல் 574 வரையிலான எபிசோடுகளை மட்டும் பாருங்கள். அதில் செலஸ்டியல் டிராகன்கள் என்றொரு ஆளும் வம்சம் உண்டு. சாதாரண மக்கள் மூச்சுவிடும் காற்று தங்கள் மேல் படக்கூடாது என்பதற்காகத் தலையைச் சுற்றிக் குமிழி மாட்டிக்கொண்டு நடப்பார்கள். "தீட்டுக்கு ஹெல்மெட் போட்டிருக்கான்" என்று ஒரு பிள்ளை சொன்னதும் அறையே சிரித்தது.

ஃபிஷர் டைகர் அவர்களிடம் அடிமையாக இருந்து தப்பியவர். மறுபடி மலையேறிப் போய் மற்ற அடிமைகளையும் விடுவித்தவர். பிறகு நடப்பதுதான் எங்கள் தம்பி கேட்ட கேள்விக்கான இடம். தப்பி வந்தவர்களின் உடம்பில் இருந்த அடிமை முத்திரையின் மேல் அவர் சூரியனைப் பதிக்கிறார். அதோடு நிற்கவில்லை. அடிமையாகவே இருந்திராத தோழர்களும் அதே சூரியனைத் தங்கள் உடம்பில் பதித்துக்கொள்கிறார்கள். யார் அடிமையாக இருந்தவர், யார் இல்லை என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பின்னால் கோலா என்ற மனிதச் சிறுமி, எதிரி இனத்துக் குழந்தை, அடிமை முத்திரையோடு வந்து சேரும்போது அவளுக்கும் அதே சூரியன் கிடைக்கிறது.

இதைப் பார்த்து முடித்ததும் தம்பியிடம் பேசினோம். கயிறு யார் எந்தத் தெரு என்று பிரித்துக் காட்டுகிறது. சூரியன் பிரித்துக் காட்ட முடியாமல் செய்கிறது. உன் கயிற்றில் ஒரு கோலாவுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டோம். அவன் பதில் சொல்லவில்லை.

ஓடா இதை இனிப்புத் தடவியும் முடிக்கவில்லை. சாகும் நேரத்தில் மனித ரத்தத்தை ஏற்றிக்கொள்ள ஃபிஷர் டைகரால் முடியவில்லை. வெறுப்பு தப்பு என்று அறிவுக்குத் தெரிகிறது, உடம்பு ஒப்பவில்லை. அடுத்த தலைமுறையில் ஹோடி வருகிறான். அவனுக்கு எந்த மனிதனும் எதுவும் செய்ததில்லை, கேட்டு வளர்ந்த வெறுப்பு மட்டும்தான் அவனிடம் இருக்கிறது. இரு இனமும் சேர்ந்து வாழ வேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிய அரசி ஒட்டோஹிமேயைக் கொன்றவன் அவன். ஆனால் ஹோடியை நம் பிள்ளைகளோடு ஒப்பிடும்போது கவனம் வேண்டும். நம் பிள்ளைகள் யாரும் எதுவும் அனுபவிக்காதவர்கள் இல்லை.

கிங்டமும் வின்லாண்ட் சாகாவும்

இரண்டிலும் நாயகன் அடிமை. யாசுஹிசா ஹாராவின் கிங்டம் பழைய சீனத்தின் சின் நாட்டுக் கதை. அநாதை ஏவலாளாக வளரும் ஷின், மாபெரும் தளபதியாவேன் என்று வாளெடுக்கிறான். ஒவ்வொரு படியாக ஏறுகிறான். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும், முதல் தலைமுறைப் பட்டதாரிகளான நமக்கு அந்த ஏற்றம் பிடிக்காமல் போகாது.

மகோதோ யுகிமுராவின் வின்லாண்ட் சாகாவில், குறிப்பாக 2023இல் வந்த இரண்டாம் பருவத்தில், தோர்ஃபின்னும் ஐனாரும் டென்மார்க்கில் கெட்டில் என்பவரின் பண்ணையில் அடிமைகள். காடு வெட்டி, கோதுமை விளைவித்து, அதை விற்ற காசில் தங்கள் விடுதலையை வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் கெட்டில். நல்ல மனிதர், அதிர்ந்து பேசாதவர். "எங்க பண்ணையார் அப்படி இல்லப்பா" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்றும் சொல்வார்களே, அதே நல்லவர். அவருடைய அடிமையான ஆர்ன்ஹெய்ட் என்ற பெண் தன் கணவனோடு போக முயலும்போது அந்த நல்லவர் என்ன ஆகிறார் என்று பாருங்கள். உடைமை உறவில் நல்ல குணத்துக்கு ஆயுள் எவ்வளவு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய தொடர் நாங்கள் பார்த்தவற்றில் வேறில்லை.

ஷின் மேலே ஏறப் பார்க்கிறான். தோர்ஃபின் அடிமையும் போரும் இல்லாத நிலம் தேடுகிறான். புரட்சியாளர் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் புரிந்துகொண்டவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே பிடிபடும். கிங்டம் பிடித்த பிள்ளைக்கு அடுத்து வின்லாண்ட் சாகாவைக் கொடுங்கள். முதல் பருவம் முழுக்க ரத்தம், எட்டாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம்.

எ சைலன்ட் வாய்ஸும் மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயனும்

இவை இரண்டும் ஆசிரியர்களுக்கு. முதலாவது 2016இல் வந்த திரைப்படம், யோஷிதோகி ஓய்மாவின் மங்காவிலிருந்து நவோகோ யமடா இயக்கியது. காது கேளாத மாணவியைத் துன்புறுத்திய பையனின் பக்கமிருந்து சொல்லப்படுகிறது. விவகாரம் வெடித்ததும் வகுப்பே அவனைக் கைகாட்டி விட்டுத் தப்பிக்கிறது, ஆசிரியர் உட்பட.

இரண்டாவது சிக்கா உமினோவின் மங்கா. அனிமேயின் இரண்டாம் பருவத்தில் ஹினா என்ற பள்ளிச் சிறுமி, ஒதுக்கப்பட்ட தோழியோடு நின்றதற்காகத் தானே ஒதுக்கப்படுகிறாள். அழுகிறாள், ஆனால் செய்தது தப்பில்லை என்பதில் அசையவில்லை. முதலாமதில் துன்புறுத்தியவனின் குற்றவுணர்வுதான் மையம். நமக்கு அதைவிட ஹினாதான் தேவைப்படுகிறாள். நம் பிள்ளைகளின் வகுப்பில் எத்தனை ஹினாக்கள் இருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பிரின்சஸ் மோனோநோகேயும் கமுய்-டென்னும்

மியாசாகியின் பிரின்சஸ் மோனோநோகே 1997இல் வந்தது. எபோஷி என்ற தலைவி நடத்தும் இரும்பு நகரத்தில் விற்கப்பட்ட பெண்கள் உலைத் துருத்தி மிதிக்கிறார்கள், தொழுநோயாளிகள் துப்பாக்கி செய்கிறார்கள். ஊர் துரத்தியவர்களுக்கு அங்கே சோறும் மரியாதையும் உண்டு, அந்த நகரமே காட்டை அழித்து நிற்கிறது என்பதும் உண்டு. ஜப்பானில் தொழுநோயாளிகளை அடைத்து வைக்க வழி செய்த சட்டம் 1996இல்தான் நீக்கப்பட்டது.

சான்பெய் ஷிராதோவின் கமுய்-டென் உருவகம் எதுவும் இல்லாமல் நேராகப் பேசுகிறது. 1964 முதல் 1971 வரை கரோ இதழில் வந்தது. நாயகன் கமுய் தீண்டத்தகாத குடியிருப்பில் பிறந்தவன். செத்த மாடு, தோல், கொலைக்களப் பணி என்று அந்த மக்கள் மேல் சுமத்தப்பட்ட வேலைகள் நமக்கு அந்நியமானவை அல்ல. இன்று புராக்குமின் எனப்படும் மக்களின் முன்னோர் அவர்கள். 1871இல் அரசாணை அந்த இழிபெயர்களை ஒழித்தது. ஆனால் 1975இல், அவர்களது குடியிருப்புகளின் பட்டியலை நிறுவனங்கள் ரகசியமாக விலைக்கு வாங்கி வேலைக்கு ஆள் எடுக்கப் பயன்படுத்தியது வெளியானது. அவர்கள் 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் தொடங்கிய சுய்ஹெய்ஷா இயக்கத்தின் வாரிசுகள் பின்னாளில் ஐ.நா. அரங்குகளில் தலித்துகளோடு தோளோடு தோள் நின்றார்கள். கமுய்-டென் ஆங்கிலத்தில் வரத் தொடங்கியிருக்கிறது. தமிழில் யாராவது கொண்டுவர வேண்டும்.

மூத்த தோழருக்கு: சென்ற மாதம் சுய்ஹெய்ஷா பற்றிக் கேட்ட பிள்ளைகள், அங்கிருந்து மகாடுக்கு வந்தார்கள். குளத்தில் தண்ணீர் எடுக்கவா ஒரு போராட்டம் என்று அவர்களே கேட்டு, அவர்களே புத்தகம் எடுத்தார்கள்.

தம்பியின் கயிறு இன்னும் கையில்தான் இருக்கிறது. எதிரில் வரும் கைகளிலும் இருக்கிறது. அவனுடையதை மட்டும் அவிழ்க்கச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பள்ளியில் எல்லோர் கையிலிருந்தும் ஒரே நாளில் அவிழ்க்க வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் மனு கொடுத்திருக்கிறோம். மனுவில் முதல் கையெழுத்து அவனுடையது. பதிலுக்குக் காத்திருக்கிறோம். இந்த ஞாயிறு வின்லாண்ட் சாகா, பண்ணைப் பகுதி.

ஜெய் பீம்.