தனிப்படியும் பொதுக்களஞ்சியமும்

கணிப்பொறிக்குரிய நிரல்களைப் பலர் கூடி இயற்றுவது இக்காலத்து வழக்கம். அந்நிரல்களும் அவற்றின் திருத்த வரலாறும் ஒருங்கே இருக்கும் இடத்தைக் களஞ்சியம் என்பர். அதனை ஒருவர் தமக்கென முழுவதும் படியெடுத்துக்கொள்ளுதலுக்கு 'ஃபோர்க்' என்று பெயர். பாதை கவர்த்துப் பிரிதல் போல்வதால் வந்த பெயர் அது. பிறர் உழைப்பை இங்ஙனம் எடுத்துக்கொள்ளுதல் தகுமோ என்னும் ஐயம் எமக்கும் இருந்தது. பழகிய பின்னர் அது நீங்கிற்று.

ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்தெழுதியோர் எவ்விடத்து எதனை மாற்றினர் என்பது பெரும்பாலும் விளங்குவதில்லை. லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டில் இயற்றிய 'கிட்' என்னும் கருவியின் வழி எடுக்கும் படி அத்தகையதன்று. செய்தவர் பெயர், நாள், குறிப்பு ஆகிய யாவும் ஒவ்வொரு திருத்தத்தோடும் உடன்வரும். எம் படியை யாம் எவ்வளவு குலைப்பினும் மூலத்திற்கு ஊறு இல்லை. ஆதலின் அஞ்சாது பயிலலாம். திருத்தம் நன்றெனத் தோன்றின், ஏற்றுக்கொள்ளுமாறு மூலத்தைக் காப்போர்க்கு விண்ணப்பிக்கலாம். எமது முதல் விண்ணப்பம் இரண்டே வரி. முன்பின் அறியாத ஒருவர் அவ்விரண்டு வரிக்கும் காரணம் வினவி, விடை பெற்ற பின்னரே ஏற்றார். அவ்வினாக்களால் யாம் கற்றது மிகுதி.

நிற்க. கருத்து வேற்றுமையாற் பிரிதலும் உண்டு. 1987-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் வெளியிட்ட 'ஜிசிசி' என்னும் நிரல்மொழிபெயர்ப்பியின் வளர்ச்சி மந்தமாயிற்று எனக் கருதிய சிலர், 1997-இல் அதனைப் படியெடுத்து 'ஈஜிசிஎஸ்' என்னும் பெயரால் வளர்த்தனர். அப்படியே சிறந்து விளங்கியமையால், 1999-இல் அதுவே ஜிசிசி என ஏற்கப்பெற்றது. பிரிந்த கிளையே அடிமரமாயிற்று. படியெடுக்கும் உரிமை இல்லாதிருப்பின் இது நிகழ்ந்திராது. பொதுப்பொருளைக் காப்போர் சோர்வுறாதிருக்க அவ்வுரிமையே ஒரு காவல் என்க.

ஆயினும் இரண்டு கடமைகள் உள. களஞ்சியம் கண்ணுக்குத் தெரிவதனாலேயே அதனைத் திருத்திப் பரப்பும் உரிமை வந்துவிடாது. உரிமப் பத்திரத்தை முதலில் வாசித்தல் வேண்டும். மூலம் நாடோறும் வளர்வதாகலின், அதன் புதுத் திருத்தங்களை அவ்வப்போது எம் படியிற் சேர்த்தலும் வேண்டும். சேர்க்காத படி பழமைப்பட்டு, மூலத்தோடு இணைக்க இயலாததாகிவிடும்.

மாணவ நண்பர்களே! நீவிர் நாடோறும் கையாளும் நிரல் ஒன்றன் களஞ்சியத்தை இவ்விடுமுறையில் படியெடுத்துப் பாருங்கள். பிழையான எழுத்து ஒன்றைத் திருத்தி அனுப்பினும் போதும். பொதுவினின்று பெற்றதைச் சிறிது செப்பனிட்டுப் பொதுவிற்கே அளித்தல் கற்றார்க்கு அழகாகும்.