ஐந்தாம் தந்தி

விபத்துக்குப் பின் என் இடக்கை மோதிரவிரல் முழுமையாக மடங்குவதில்லை. வழக்கமான கார்ட் வடிவங்கள் பலவும் கைக்கெட்டாமல் போகவே, ஆறு மாதம் கிட்டார் உறையிலேயே கிடந்தது. அதை மீண்டும் எடுக்க வைத்தது ஒரு சுருதி மாற்றம். ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்னும் வழக்கமான வரிசையில் ஐந்தாம் தந்தியான ஏ-யை மட்டும் இரண்டு ஃப்ரெட் அளவு ஏற்றி பி ஆக்கினால் போதும். விரலே வைக்காமல் ஆறு தந்திகளும் ஈ மைனர் செவன்த் ஆக ஒலிக்கும். (இழுவிசை கூடும், பழைய தந்தியில் முயலாதீர்கள்.)

மொழியியல் படித்தவளுக்கு இதில் இன்னொரு ஈர்ப்பும் உண்டு. 'பழைய புத்தகக் கடை' என்னும் தொடரில் பழையது புத்தகமா, கடையா? இந்தக் கார்டிலும் அத்தகைய இருபொருள் உண்டு. ஈ, ஜி, பி, டி என்னும் நான்கு சுரங்களுக்குள் ஜி மேஜர் முழுமையாக அடங்கியிருக்கிறது. ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டை ஒரு விரலால் அழுத்தினால் அடிச்சுரம் ஜி ஆகிவிடும். அதே நான்கு சுரங்களைச் செவி உடனே ஜி சிக்ஸ்த் என்று கேட்கும். சோகம் என்று நினைத்தது சோகமாக இல்லை.

மிசிசிப்பியின் பென்டோனியாவைச் சேர்ந்த ஸ்கிப் ஜேம்ஸ் 1931இல் பதிவுசெய்த ப்ளூஸ் பாடல்கள் பலவும் மைனர் திறந்த சுருதியில் அமைந்தவையே. அதில் செவன்த் இல்லை. மைனரிலிருந்து மேஜருக்குப் போக மூன்றாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில் ஒரு விரல் போதும். மேஜரில் சுருதி கூட்டிவிட்டால் திறந்த தந்தியை விரலால் இறக்க வழியில்லை. இப்போது இரவுதோறும் அந்த ஒரு ஃப்ரெட்டைத்தான் பழகுகிறேன், ஆள்காட்டி விரலால்.