அமைதி நேரத்தில் யார் பேசுவது?

ஆவடி, அம்பத்தூர் பக்கம் குடியேறிய தென்மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ‘அமைதி நேரம்’ என்று ஒன்று உண்டு. குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால், முதல் ஷிப்டுக்குப் போகிறவர் குளிக்க எழுவதற்கு முன்னால் அது முடிந்துவிட வேண்டும். என் அம்மா நாசரேத்துக்காரர். அப்பாவுக்கு டாங்க் ஃபேக்டரியில் வேலை கிடைத்து ஆவடிக்கு வந்த பிறகும் இந்த வழக்கத்தை அவர் விடவில்லை. வேதாகமம், வாசிப்புக் குறிப்புப் புத்தகம், அடிக்கோடு போட முனை மழுங்கிய ஒரு சிவப்புப் பென்சில், ரப்பர் பேண்டு சுற்றிய ஜெப அட்டைக் கட்டு. அந்த அட்டைகளில் ராஜ்மகால் மலையிலும் டாங்ஸ் காட்டிலும் ஊழியம் செய்கிற குடும்பங்கள் வரிசையாக நின்று சிரிக்கும்.

பெயர்தான் அமைதி. அரைமணி நேரமும் அம்மாதான் பேசுவார்.

“நீங்கதாம்மா பேசிக்கிட்டே இருக்கீங்க. அவர் எப்பம்மா பேசுவார்?” என்று கேட்டேன்.

“அதான் வேதம் வாசிக்கேம்லா. அதுதான் அவர் பேசுறது. நீ போய்ப் பாலை எடுத்துட்டு வா.”

சீர்திருத்தச் சபைக்காரருக்கு இதைவிடச் சரியான பதில் கிடையாது. ஆனாலும் கடவுள் சொல்வதைக் கேட்பதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கும் வழக்கம் எங்கே பிறந்தது, எங்கள் தெருவுக்கு வரும் வழியில் அதிலிருந்த ‘கேட்பது’ எங்கே நழுவியது என்ற கேள்வி என்னை விடவில்லை.

சபைப் பெரியவர்களைக் கேட்டால் நேரே சுவிசேஷத்துக்குப் போய்விடுகிறார்கள். இயேசுவே இருட்டோடு எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போனாரே என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அவர் கையில் குறிப்புப் புத்தகம் இல்லை. அந்தப் புத்தகத்தின் மூதாதைக்குப் பிறந்த தேதி உண்டு. ஸ்கிரிப்சர் யூனியனின் முதல் வாசிப்பு அட்டை இங்கிலாந்தில் வெளியானது 1879 ஏப்ரல் 1 அன்று. இன்ன நாளுக்கு இன்ன பகுதி என்று பங்கு பிரித்துக் கொடுத்த ஏற்பாடு அது.

மூன்று வருஷம் கழித்து, 1882இல், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் சிலர் படிப்பிலும் விளையாட்டிலும் ஊழியத்திலும் ஓடி ஓடி உள்ளுக்குள் காய்ந்துபோனதாக உணர்ந்து காலையின் முதல் நேரத்தை வேதத்துக்கும் ஜெபத்துக்கும் ஒதுக்கும் ‘காலை விழிப்பு’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் தார்ன்டன் என்பவருக்கு எழுவதுதான் பெரும்பாடு. அலாரம் அடித்ததும் மீன்பிடிக் கயிறு இழுபட்டு, போர்வை மேலே பறந்துவிடும்படி கட்டிலுக்கு ஒரு பொறி செய்து வைத்திருந்தாராம். விடியற்காலையில் எழுவதற்குப் பட்ட பாட்டைப் பற்றி இவ்வளவு சொல்கிற கதை, எழுந்தபின் அவர் என்ன கேட்டார் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை.

இந்த வழக்கத்தை உலகம் சுற்ற வைத்தவர் அமெரிக்கர் ஜான் மாட். 1895–96இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தபோது கல்லூரி மாணவர்களிடம் காலை விழிப்பை வற்புறுத்தினார். 1896இல் வந்த இன்னொரு அமெரிக்கர் ஷெர்வுட் எட்டி, வெள்ளாளன்விளை அசரியாவுக்கு நெருங்கிய நண்பரானார். அசரியா ஒய்.எம்.சி.ஏ. வழியாக வந்தவர், 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் எழும்பியதில் முன்னால் நின்றவர். 1895இலேயே இங்கிலாந்தின் கெசிக் மாநாட்டின் ஆதரவோடு இந்தியா வந்திறங்கிய ஏமி கார்மைக்கேல், பின்னாளில் டோனாவூரில் தங்கிவிட்டார். ஆக, ஒரே தலைமுறைக்குள் திருநெல்வேலிச் சீமையில் இந்த விதை பல கைகளால் விழுந்திருக்கிறது. அங்கே அது மிஷனெரி ஜெபத்தோடு சேர்ந்து முளைத்தது. 1950களின் இறுதியில் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி ஊழியர்கள் நடுவே ஜெபக்குழுக்களாக ஆரம்பித்த ஃப்ரெண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்டின் தலைமையகம் இன்று அம்பத்தூரில் இருக்கிறது. அம்மாவின் ஜெப அட்டைகள் வந்த வழி இதுதான். நாற்பது பேருக்காக மன்றாட வேண்டிய அரைமணி நேரத்தில் சும்மா இருக்க இடம் ஏது? அதைக் குறையாக நான் சொல்லவில்லை. யாரென்றே தெரியாத மலைக்காட்டுக் குடும்பத்துக்குக் காய்ச்சல் என்றால் ஆவடியில் ஒருத்தி அழுகிறாள் என்பது சின்ன விஷயமல்ல.

‘கேட்பது’ தனியாக வந்த இடம் வேறு. ஃபிராங்க் புக்மேன் 1909 முதல் பென்சில்வேனியா ஸ்டேட் கல்லூரியில் ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். அறையில் இரண்டு தொலைபேசி, இரண்டும் ஓயாமல் அடிக்கும். அங்கே பிரசங்கிக்க வந்த ஆங்கிலேயப் போதகர் எஃப்.பி. மேயர், உன் வேலையை ஆவியானவர் நடத்த விடுகிறாயா என்று விசாரித்தார். காலையில் வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன் என்றார் புக்மேன், எங்கள் அம்மா சொன்ன அதே பதில். மேயர் விடவில்லை. இடையில் எதுவும் குறுக்கிடாமல் அவர் உனக்குச் சொல்வதற்குப் போதுமான நேரம் கொடுக்கிறாயா என்று திருப்பிக் கேட்டார். அதன்பின் தொலைபேசி அடிக்க வாய்ப்பில்லாத விடியற்காலை ஐந்து முதல் ஆறு வரை புக்மேன் ஒதுக்கினார். தோன்றியதை எழுதிவைக்க நோட்டுப் புத்தகமும் வந்தது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டு குழு, 1938இல் தார்மீக மறு ஆயுதமாக்கம் என்று அந்த இயக்கம் பெயர் மாறி வளர்ந்தது. காந்திக்கும் ராஜாஜிக்கும் பேரனான ராஜ்மோகன் காந்தி இந்தியாவில் அதை முன்னெடுத்தார். மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில் உள்ள மையத்தில் எல்லா மதத்தாரும் நோட்டோடு உட்கார்ந்து மௌனமாக எழுதுகிறார்கள்.

இங்கேதான் எனக்கு உற்சாகம் குறைந்தது. இவ்வளவு கவனமாகக் கேட்கப் பழகிய புக்மேன், 1936இல் நியூயார்க் பத்திரிகையாளர் ஒருவரிடம், ஹிட்லரைப் போன்ற ஒருவருக்காக வானத்துக்கு நன்றி சொல்வதாகப் பேசினார். கம்யூனிசத்துக்கு எதிராக அணை கட்டியவர் என்பது அவர் கணக்கு. மனசில் தோன்றியதை நேர்மை, தூய்மை, தன்னலமின்மை, அன்பு என்ற நான்கு அளவுகோல்களில் சோதித்து, கூட இருப்பவர்களிடமும் சொல்லிப் பார் என்றுதான் அந்த இயக்கமே கற்பித்தது. அப்படியும் இப்படி. ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் கேட்பதெல்லாம் கடவுள் குரலாகிவிடாது. புதுவருஷத்தன்று வேத வசனம் அச்சிட்டுக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டை விற்கத் துணிந்தவர்களை எங்கள் பேட்டையிலேயே பார்த்திருக்கிறேன்.

இந்தச் சிக்கலுக்குப் பழைய மருந்து பக்கத்திலேயே இருந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோ தூண்களுக்கும் பஸ் ஹாரனுக்கும் நடுவே போனால் திரு இருதயக் குருத்துவக் கல்லூரி. குருமடங்களின் பழைய ஒழுங்கில் இரவு ஜெபத்துக்குப் பிறகு மறுநாள் காலைத் திருப்பலி வரை பேச்சு கிடையாது. ஆண்டு தியானம் என்றால் நாள் முழுக்கவே மௌனம். அங்கே படித்த குருவானவர் ஒருவரிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். அவர் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரை எடுத்தார். 1522இல் மன்ரேசாவில் தன் மனசின் ஏற்ற இறக்கங்களைக் குறித்துவைக்கத் தொடங்கியவர் அவர்; அது வளர்ந்து 1548இல் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலாக அச்சேறியது. “ஒரு எண்ணம் வந்தா அதோட தொடக்கம், நடு, முடிவு மூணையும் பாருங்க தம்பி. எங்கயாவது ஒரு இடத்துல கோணலா இருந்தா அது அவர்கிட்ட இருந்து வரலை. மனசு வறண்டு கிடக்கிறப்போ பழைய தீர்மானத்தை மாத்தவே மாத்தாதீங்க. எதையும் ஒரு ஆன்ம குருகிட்ட சொல்லாம வச்சுக்காதீங்க.” ஆக, கேட்பது ஒருத்தர் தனியாகச் செய்கிற காரியமே இல்லை என்கிறார்கள் இவர்கள். கூப்பிடுவது கடவுள்தான் என்று சொல்ல, சிறுவன் சாமுவேலுக்கும் ஒரு ஏலி தேவைப்பட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் பக்கத்துச் சபைகளில் இதற்கு முன்மாதிரியே இல்லையா என்று தேடியபோது திருப்பத்தூர் அகப்பட்டது. ஆவடி வழியாகப் போகிற ரயில் பாதையில், ஜோலார்பேட்டையைத் தாண்டினால் ஊர். பாளையங்கோட்டையில் பிறந்த டாக்டர் சவரிராயன் ஜேசுதாசனும், ஸ்காட்லாந்துக்காரர் டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் 1921இல் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் அங்கே இருக்கிறது. பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் ஊரார் அவர்களை அழைத்தார்கள். இருவரும் மணம் செய்துகொள்ளாமல், கதர் கட்டி, மருத்துவம் பார்த்தார்கள். 1932இல் சென்னையில் கதர் உடுத்திய சின்னண்ணனைப் போலீஸ் அடித்தது பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரை போனது. அவர்கள் கட்டிய ஜெபாலயம் கோபுரத்தோடும் கல்தூண்களோடும் திராவிடக் கோயில் அமைப்பில் நிற்கிறது. பெஞ்சு கிடையாது, தரையில்தான் உட்கார வேண்டும். தியானத்துக்கும் மௌனத்துக்கும் அன்றாட ஒழுங்கிலேயே இடம் வைத்தார்கள். மௌனம் முடிந்தால் வெளியே நோயாளிகள் காத்திருப்பார்கள். கேட்டது சரியா தப்பா என்பதற்கு அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் எங்கள் சபையில் சொல்லி, பிரசங்கத்துக்குப் பிறகு இரண்டு நிமிஷம் யாரும் பேசாமல் இருக்கலாம் என்று ஆயரிடம் அனுமதி வாங்கினேன். எல்லாரும் கண்ணை மூடினார்கள். பத்து விநாடி ஆகவில்லை, கீபோர்டில் மெல்ல ஒரு ராகம் கிளம்பியது. ஆராதனை முடிந்ததும் வாசித்த தம்பியிடம் போய், “ஏன்டா?” என்றேன்.

“அண்ணே, சும்மா விட்டா மைக் போயிருச்சுன்னு நெனைச்சுப் பின்னாடி ஆளுங்க பேச ஆரம்பிச்சிருவாங்கண்ணே. அடுத்த வாரம் வேணும்னா ஒரு நிமிஷம் விட்டுப் பாக்குறேன்.”